“அடுத்த கிழமையும் வருவியளோ?”

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்ட பிறகு, ஒரு பாடசாலைக் கட்டிடத்தில் நாலு குடும்பங்கள் ஒரு வகுப்பறையைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தோம். பேனையும் படிவமுமாக யாராவது அடிக்கடி வருவார்கள். பெயர், வயது, காணி எத்தனை பரப்பு, மாடு எத்தனை என்று எழுதுவார்கள். அவர்கள் எழும்பும்போது எங்கள் அம்மா வாசல்வரை போய், “தம்பி, அடுத்த கிழமையும் வருவியளோ?” என்று கேட்பார். “வருவோம் அம்மா” என்பார்கள். அவர்கள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவர்களை வேறொரு முகாமுக்கு அனுப்பியிருப்பார்கள். எங்களிடம் வேறொருவர் வேறொரு படிவத்தோடு வருவார். மூன்று மாதத்துக்குள் எங்கள் வீட்டில் எத்தனை மாடு நின்றது என்று ஐந்து தாள்களில் பதிவாகிவிட்டது. மாடுகள் எங்கே நின்றன என்றுதான் ஒருவருக்கும் தெரியாது.

அம்மாவின் அந்தக் கேள்வி, உதவி செய்ய வருகிற எவரையும் அளக்கக்கூடிய நல்ல அளவுகோல் என்று இப்போது எனக்குப் படுகிறது. தூர தேசத்திலிருந்து வந்து, ஒரே இடத்தில் முதுமைவரை உழைத்த ஒரு மிஷனரித் தம்பதியரைப் பற்றி வாசித்தபோது இந்த எண்ணம் உறுதிப்பட்டது.

இப்படிப்பட்ட தம்பதியர் எமக்குப் புதியவர்கள் அல்லர். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி 1820 இல் யாழ்ப்பாணம் வந்த லீவை ஸ்போல்டிங்கும் மனைவி மேரியும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இங்கேயே இருந்தார்கள். அதில் பிந்திய நாற்பது ஆண்டுகளும் உடுவிலில் கழிந்தன. 1873 இல் அவர் கண்மூடியதும் உடுவிலில்தான். ஆனால் அவர்களுடைய பணி பெரும்பாலும் பள்ளிக்கூடமும் புத்தகமும் பிரசங்கமும். மண்ணோடு மல்லுக்கட்டுகிற எமக்கு இன்னும் நெருக்கமான ஒரு தம்பதியர் வட இந்தியாவில் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

பொருளியல் படிப்பித்தவர் உழவு படிக்கப் போனார்

சாம் ஹிகின்பொட்டம் 1874 இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பிறந்தவர். அமெரிக்காவில் படித்து, 1903 இல் பிரஸ்பிட்டேரியன் திருச்சபையின் மிஷனரியாக அலகபாத்துக்கு வந்தார். இன்று பிரயாக்ராஜ் என்று வழங்கும் நகரம் அது. கங்கையும் யமுனையும் கூடும் இடம். அடுத்த ஆண்டு எதலின்ட் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார்.

அங்குள்ள கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளியல் படிப்பிப்பதுதான் அவருக்குக் கிடைத்த வேலை. வகுப்பில் செல்வம், உற்பத்தி, கூலி என்று படிப்பித்துவிட்டு வெளியே வந்தால், சுற்றியுள்ள கிராமங்களில் அரைவயிறு சாப்பிடுகிற உழவர்களைத்தான் கண்டார். அந்தச் சனத்துக்குத் தன் புத்தகப் பொருளியலால் ஒரு பிடி தானியமும் கூடப்போவதில்லை என்று கண்டுகொண்டார். 1909 இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் திரும்பிப்போய், ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் விவசாயம் படித்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. வாத்தியாராக இருந்தவர் மறுபடியும் மாணவர் வாங்கில் இருந்தார். எம்மிடையே ஒரு பட்டதாரி, “எனக்குத் தெரிந்தது இந்தச் சனத்துக்கு உதவாது, நான் திரும்பப் படிக்க வேண்டும்” என்று சொன்னதை நான் கேட்டதில்லை.

திரும்பி வந்து, யமுனைக்கு மறுகரையில் நைனி என்ற இடத்தில் 275 ஏக்கர் நிலத்தில் பண்ணை தொடங்கினார். எங்கள் கணக்கில் 4400 பரப்பு. அது நல்ல நிலம் அல்ல. மாரி வெள்ளம் அறுத்துக்கொண்டு போன பள்ளங்களும், நாணல் போன்ற முரட்டுப் புல்லும் நிறைந்த நிலம். அந்தப் புல்லின் வேர் ஆழத்தில் ஓடுகிறது. மேலே வெட்டினால் கீழே தழைக்கும். எமது வயலில் கோரையோடு படுகிற பாடு தெரிந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை.

வேண்டுமென்றே நல்ல நிலம் வாங்கியிருந்தால், “காசுள்ளவன் செய்கிறான்” என்று அயலவர் சொல்லியிருப்பார்கள். கெட்ட நிலத்தில் செய்து காட்டினால்தான் ஏழை உழவன் எட்டிப் பார்ப்பான். கடும் கோடையில் ஆழ உழுது புல் வேரை வெயிலில் காயவிட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே வரம்பு கட்டி மழைத் தண்ணீரை ஓடவிடாமல் மறித்தார்கள். கழிவை அகழியில் இட்டு மூடி எருவாக்கினார்கள். பச்சைத் தீனியைக் குழியில் அமுக்கி மூடி, புல் இல்லாத மாதங்களுக்கு மாட்டுக்கு வைத்தார்கள்.

இவற்றில் சில எமக்குப் புதிதல்ல. குழை தாழ்ப்பதும் பட்டி அடைப்பதும் யாழ்ப்பாணத்து விவசாயிக்கு யாரும் படிப்பித்தவை அல்ல. ஆனால் கைவிடப்பட்ட ஒரு நிலம் பொறுமையோடு செய்தால் திரும்பிவரும் என்பதற்கு நைனி சாட்சி. இருபது, இருபத்தைந்து வருடம் பற்றை மூடிக் கிடந்த காணிக்குத் திரும்பி, இடிந்த கிணற்றையும் தலையில்லாத பனையையும் பார்த்து மலைத்து நின்றவர்கள் எம்மிடையே எத்தனை பேர்! (ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உரியவர்கள் உறுதிசெய்யாத காணியில் எவரும் மண்வெட்டி போடக்கூடாது. பொறுமை அதற்கும் வேண்டும்.)

ஒரு கிழமைக்குள் இத்தனையுமா?

1910 ஆம் ஆண்டை அந்த நிறுவனம் தன் பிறந்த ஆண்டாகக் கொள்கிறது. அன்றிலிருந்து 1944 இல் ஓய்வுபெறும்வரை அந்தத் தம்பதியர் சுமந்த வேலையை எண்ணிப் பாருங்கள்.

பண்ணையில் உழவும் விதைப்பும் அறுவடையும். பாற்பண்ணையில் காலை மாலை பால் கறவை. மாட்டுக்கு ஞாயிறும் இல்லை, பெருநாளும் இல்லை. மாணவர்களுக்கு வகுப்பு. படித்த குடும்பத்துப் பிள்ளைகள் கையில் மண் பட வேலை செய்யப் பின்நிற்பார்கள். அவர்களோடு தோட்டத்தில் நிற்க வேண்டும். ஆலோசனை கேட்டு வரும் உழவர், அதிகாரிகள், சமஸ்தானத்துப் பிரபுக்கள். முதலாம் உலகப் போர்க் காலத்தில் சில ஆண்டுகள் குவாலியர் சமஸ்தானத்தின் விவசாயப் பணிப்பாளர் வேலையும் அவர் தலையில் விழுந்தது. இதற்கெல்லாம் காசு வேண்டும். ஆகவே நன்கொடை கேட்டு அமெரிக்காவுக்குக் கடிதம். சில வேளைகளில் கப்பலேறி நேரே போய்க் கையேந்துதல். இடையில் ஆராதனை, பிள்ளைகள், குடும்பம்.

இவற்றோடு நைனியில் ஒரு தொழுநோயாளர் இல்லமும் இருந்தது. வந்த புதிதிலேயே அதன் பொறுப்பு சாமிடம் வந்தது. பண்ணை வேலை பெருகியபோது எதலின்ட் அந்தச் சுமையைத் தன் தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் பெண்களுக்கான மனையியற் கல்வியையும் தொடங்கி வளர்த்தார். இன்றும் அங்குள்ள மனையியற் கல்லூரிக்கு அவருடைய பெயர்தான்.

அந்தத் தொழுநோயாளர் இல்லத்தைப் பற்றிச் சற்று நின்று யோசிக்க வேண்டும். இன்று அந்த நோயை மருந்தால் முற்றாக மாற்றலாம். அன்று அப்படி அல்ல. நிச்சயமாகக் குணப்படுத்தும் மருந்து 1940களில்தான் பயன்பாட்டுக்கு வரத் தொடங்கியது. அதற்கு முன், இல்லத்துக்குப் போகிறவர் கையில் ஒரு பெரிய வெற்றியைக் கொண்டுபோக முடியாது. புண்ணைக் கழுவலாம், துணி மாற்றலாம், அரிசி பருப்பு சரியாக வந்ததா என்று பார்க்கலாம், பெயர் சொல்லி அழைக்கலாம். அடுத்த கிழமை அதே புண், அதே துணி, அதே பெயர். அறிக்கையில் எழுதுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் ஆண்டு ஆண்டாக அங்கே போவதை அவர்கள் நிறுத்தவில்லை.

பண்ணையையும் பட்டத்தையும் விட இதைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். பலன் கண்ணுக்குத் தெரியும் இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவது பெரிய காரியம் அல்ல. விளைந்த வயலைப் பார்க்க எவரும் வருவார். பலன் தெரியாத இடத்துக்கு அடுத்த கிழமையும் போவதுதான் தொண்டு.

மாந்தோப்பில் கூடாரம்

அதே மாகாணத்தில் இன்னொரு அமெரிக்கத் தம்பதியர் இருந்தார்கள். வில்லியம் வைசர், சார்லட் வைசர். 1925 இல் மெயின்புரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தை ஆராய வந்து, மாந்தோப்பில் கூடாரம் அடித்தார்கள். தங்கள் எழுத்தில் அந்தக் கிராமத்துக்கு ‘கரிம்பூர்’ என்று மாற்றுப் பெயர் வைத்தார்கள்.

வைசர் தம்பதியரும் முதலில் எமக்குத் தெரிந்த படிவக்காரர் போலவேதான் வந்தார்கள். வீடு எத்தனை, நிலம் எத்தனை என்று கேட்டார்கள். கிராமத்தவர் பயந்தார்கள். வரி கூட்ட வந்தவர்களோ, நிலத்தைப் பிடுங்க வந்தவர்களோ என்று சந்தேகப்பட்டார்கள். ஆனால் நோயாளிகள் கூடாரத்துக்கு வரத் தொடங்கியதும் நிலைமை மாறியது. கண்நோய், காய்ச்சல், புண் என்று வருகிறவர்களுக்குச் சார்லட் மருந்து கொடுத்தார். நாளடைவில் ஆராய்ச்சிக் கூடாரம் பாதி வைத்தியசாலையாயிற்று.

1930 இல் அவர்கள் எழுதிய புத்தகத்தின் பெயர் ‘மண் சுவர்களுக்குப் பின்னால்’ என்று பொருள்படும். ஏன் உங்கள் வீட்டு மண் சுவர்கள் இவ்வளவு உயரம், ஏன் இடிந்தபடி கிடக்கின்றன என்ற கேள்விக்கு ஊரவர் சொன்ன விளக்கம் அதில் உண்டு. சுவர்தான் தங்களுக்குக் காவல். சுவர் நன்றாக இருந்தால் உள்ளே காசு இருக்கிறது என்று நிலக்காரரும் வட்டிக்காரரும் அதிகாரியும் கணக்குப் போடுவார்கள். ஆகவே உள்ளதை மறைத்து, இல்லாதவர் போல வாழ்வதே பாதுகாப்பு. சோம்பல் என்று வெளியாள் எண்ணுவது உண்மையில் ஏழையின் தற்காப்பு என்பதை அவர்கள் உணர்ந்து எழுதினார்கள். ஒரு நாள் வந்து போகிறவருக்கு அது விளங்கியிராது.

எமக்கும் மண் சுவர்கள் உண்டு. நிவாரணம் வெட்டிப்போடுவார்களோ என்று பயந்து, உழைக்கிற பிள்ளையை இல்லை என்று சொன்ன தாய்மார் எம்மிடையே இருந்தார்கள். இரண்டு கோழி நின்றும் ஒன்றும் இல்லை என்று எழுதுவித்தவர்கள் இருந்தார்கள். அதைக் களவு என்று சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்லமாட்டேன். திரும்பி வராத ஆளுக்கு உண்மையைச் சொல்லி என்ன பயன்? திரும்பத் திரும்ப வருகிறவருக்குத்தான் சுவரின் கதவு திறக்கும்.

1945 இல் வைசர் தம்பதியர் இந்தியக் கிராம சேவை என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கிராமத்தவருக்காகச் செய்துகொடுப்பதல்ல, அவர்களோடு சேர்ந்து செய்வதே அதன் வழி. 1952 இல் இந்திய அரசு சமூக அபிவிருத்தித் திட்டத்தைத் தொடங்குவதற்கு முன்னரே நடந்த முயற்சி அது. முப்பது ஆண்டுகளுக்குப் பின் முதியவர்களாக அதே கிராமத்துக்குத் திரும்பிப்போய், என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று பார்த்தார்கள். 1961 இல் வில்லியம் காலமானார். எழுபது கடந்த பிறகும் சார்லட் அந்தக் கிராமத்தின் தொடர்பை விடவில்லை. அங்கு கண்டதை மீண்டும் எழுதினார்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி

“அவர்களுக்கென்ன? சம்பளம் இருந்தது. பங்களா இருந்தது. ஆட்சி வெள்ளைக்காரன் கையில் இருந்தது. மதம் பரப்பவும் வந்தார்கள்” என்று சிலர் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. எமது மக்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற நினைப்போடு வந்த மிஷனரிகளும் இருந்தார்கள். இவர்களைத் தெய்வமாக்க நான் வரவில்லை.

ஆனால் சம்பளமும் வாகனமும் இன்று உதவி செய்ய வருகிற பலருக்கும் உண்டு. இல்லாதது வருடக்கணக்கு. ஆறு மாதத் திட்டம், ஒன்பது மாதத் திட்டம் என்று வருகிறது. விதைக்கும் காலத்தில் ஒப்புதல் வராது. அறுக்கும் காலத்தில் விதை வெங்காயம் வரும். தென்னம்பிள்ளை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போனவர், அது காய்க்கும்போது எந்த நாட்டில் இருப்பாரோ! தென்னைக்கு வேண்டிய வருடங்களைத் திட்டத்துக்குக் கொடுக்க எவரும் ஆயத்தமாயில்லை.

இதில் களத்துக்கு வருகிற இளம் உத்தியோகத்தரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர்களும் கூலிக்கு மாரடிப்பவர்கள்தான். காசு கொடுப்பவர்கள் கால எல்லையைக் குறுக்கிவிட்டார்கள். அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியது திருச்சபைகளின் கடமை, எமது கடமையும்கூட. ஆகவே உதவி என்று எவர் வந்தாலும் மூன்று கேள்விகளை மரியாதையோடு கேட்கப் பழகுவோம்.

அடுத்த கிழமையும் வருவீர்களா?

நீங்கள் போன பிறகு இதைச் செய்ய எங்களில் யாரைப் பழக்குவீர்கள்?

எழுதுவதற்கு முன் எங்களிடம் என்ன கேட்டீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு நைனியில் ஒரு நல்ல விடை உண்டு. 1921 இல் அங்கு சேர்ந்த மேசன் வோ என்ற பொறியியலாளர், சிறிய எருதுகள் இழுக்கக்கூடிய இலேசான இரும்புக் கலப்பைகளைச் செய்தார். ‘வா வா’, ‘சபாஷ்’ என்று அவற்றுக்கு உழவர் வாயில் வரும் பாராட்டுச் சொற்களையே பெயராக வைத்தார்கள். 1942 இல் அங்கேயே விவசாயப் பொறியியற் பட்டப்படிப்பும் தொடங்கியது. இந்தியாவில் அதுவே முதல். சாம் ஓய்வுபெற்றுப் போனபோது பண்ணை படுத்துவிடவில்லை. 2000 ஆம் ஆண்டு அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று; 2009 இல் அவருடைய பெயரைப் பெற்றது. ஆள் போனபிறகும் வேலை நடந்தால்தான் அது சேவை.

எமது கிழமை எங்கே?

இனி எம்மைப் பார்ப்போம். இடப்பெயர்வு எமது காணியை மட்டும் எடுக்கவில்லை. எமது கிழமையையும் எடுத்தது. ஊரில் கிழமைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. இறைப்பு முறை, சந்தை நாள், மாட்டுக்குக் குழை வெட்டும் நாள், கோயில் நாள். இன்ன நாள் இன்ன வேலை என்று உடம்புக்கே தெரியும். முகாமில் திங்களும் வியாழனும் ஒன்றாகிவிட்டன. நிவாரணம் கொடுக்கும் நாள் ஒன்றுதான் நாளாக இருந்தது. உழைத்துப் பழகிய கைகள் வரிசையில் நிற்கப் பழகின. 2009 இல் போர் முடிந்தது. பலர் திரும்பினோம், சிலர் இன்னும் காணியை எதிர்பார்த்து இருக்கிறார்கள். ஆனால் திரும்பியவர்களில் எத்தனை பேருக்குப் பழைய கிழமை திரும்பியது?

அதை ஒருவரும் கொண்டுவந்து தரமாட்டார்கள். நாமே கட்ட வேண்டும். பத்துக் குடும்பங்கள் சேர்ந்து கிழமையில் ஒரு நாளைக் கைமாற்று வேலைக்கு ஒதுக்கலாம். இந்தக் கிழமை ஒருவருடைய கிணறு, அடுத்த கிழமை இன்னொருவருடைய வேலி. மனிதர் இல்லாத முதியவரின் காணி முதலில் வரட்டும். காணி இல்லாமல் வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டோரத்தில் நாலு பாத்தி போட்டாலும் அதற்கும் ஒரு நாள் குறிக்கட்டும். ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதுங்கள்: யார் வந்தார், என்ன செய்தோம், என்ன மிச்சம். வெளியார் படிவத்தோடு வரும்போது அந்தக் கொப்பியை முன்னால் வைக்கலாம்.

இன்னொன்று. இந்தத் தம்பதியர் முதுமைவரை ஓயவில்லை. எழுபது வயதில் அலகபாத்தை விட்டுப் போன சாம், ஃபுளோரிடாவில் கிராமத்து ஏழைகளிடையே மறுபடியும் வேலை தொடங்கினார். நாமோ எமது முதியவர்களை ஒரு மூலையில் பாயைப் போட்டு இருத்தி, “நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம் அப்பு” என்று சொல்லிவிட்டோம். அன்பினால்தான் சொன்னோம். ஆனால் எந்த மண்ணுக்கு எந்தக் குழை, எந்தக் கிணற்றில் எந்த மாதம் உவர் ஏறும் என்பதெல்லாம் அந்தப் பாயில்தான் இருந்தது. முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேறு ஆட்கள் இல்லை. எமது ஊர்களிலும் வயதான கணவன் மனைவிமார் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கப்பலேற வேண்டிய தேவை இல்லை. கிழமைக்கு ஒரு நாள் பிள்ளைகள் நாலு பேரை அவர்களோடு தோட்டத்தில் நிற்கவிட்டால் போதும்.

எங்கள் அம்மா முகாமிலேயே கண்ணை மூடினார். காணியைக் காணவில்லை. அவருடைய கேள்விக்கு அந்த நாட்களில் எவரும் சரியான பதில் சொல்லவில்லை. அதற்கான பதிலை இனி நாம்தான் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். அயல் வீட்டுக்காரரின் கிணற்றடியில் மண் அள்ளிவிட்டு எழும்பும்போது, அவர் கேளாமலே நாம் சொல்லக் கூடியதாக இருக்கவேண்டும்:

“ஓம், அடுத்த கிழமையும் வருவம்.”